இரண்டு மிளகு மூட்டைகளுக்கு நடுவில்

அறப்பளீஸ்வரர் மேல் ஆணை, எட்டுக்கை அம்மன் மேல் ஆணை, இதில் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யானாலும் என் கால் இரண்டும் விளங்காமல் போகட்டும். வலது கை கோழி இறக்கையாக மடங்கிக்கொள்ளட்டும். நான் பேசுவது ஒரு மனுசருக்கும் புரியாமல் போகட்டும். இதற்கு மேல் என்ன சத்தியம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் அப்பாசாமி. கொல்லிமலையில் ஊர்கள் சில சேர்ந்தால் ஒரு நாடு; அதில் எடப்புளி நாட்டில் எட்டு வீடு உள்ள ஊர் எங்களுடையது. நான் ஆறடிக்கு நான்கு விரல் அதிகம். இரண்டு மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடிவாரம் வரை இறங்கி, மூட்டையை இறக்காமலே வெற்றிலை போட்டு, நலம் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இறக்குவேன். என் பின்னங்கழுத்தில், மயிர் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே, அரை மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. மழை நாளில் கறுப்பாகவும் வெயில் நாளில் கொஞ்சம் சிவந்தும் இருக்கும். என் பின்னங்கழுத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? பார்த்தேன், அவ்வளவுதான். எனக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. பிறகு இதை எப்படி எழுதுகிறாய் என்று கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சத்தியம் செய்தவனைக் குறுக்கே கேள்வி கேட்பது எங்கள் நாட்டில் வழக்கமில்லை.

என் தம்பி சின்னுசாமி எனக்கு மூன்று வருஷம் இளையவன். பிறந்தபோது அவன் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து, வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாக மாற்றி மாற்றித் தெளித்து, அடித்து, கெஞ்சி, கடைசியில் திட்டியதும்தான் அழுதான். ஆனால் அந்தத் தாமதத்தில் அவன் உடம்பு ஏதோ கோபித்துக்கொண்டது. கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைத்தன. வலது கை மடங்கிப் போனது. கழுத்து நிற்காது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும், அதுவும் நல்ல நாளாக இருந்தால். எச்சிலை விழுங்குவதுகூட அவனுக்கு ஒரு வேலை. பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் சேற்று வயலில் விழுந்து எழுந்துதான் வெளியே வரும். அதைக் கழுவிப் பார்த்துப் புரிந்துகொள்ள அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

புரிந்தும் பிரயோசனமில்லை. சின்னுசாமியைப் போல ஒரு புளுகன் நாலு நாட்டிலும் கிடையாது. வைத்த இடத்தில் இருந்துகொண்டே, காலையில் சிறுத்தை ஒன்று வந்து தன்னிடம் செம்மேட்டுக்கு வழி கேட்டது என்பான். நீ என்னடா சொன்னாய் என்றால், இன்று சந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன் என்பான். ஆகவே அவன் சொன்னதாக எங்கே எதைக் கேட்டாலும் நம்பாதீர்கள். எச்சரித்துவிட்டேன்.

எங்கள் அம்மா பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொடுப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் நெஞ்சைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ராகிக் களியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி ஒன்று கொடுப்பாள். தொண்டை ஏறி இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அடுத்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் படுக்கவைக்க மாட்டாள். ஒரு படி சாமை குத்தும் நேரம் தன் தோளில் சாய்த்து வைத்திருப்பாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் உலகச் சண்டை முடிந்த வருஷம் மலைக்கு விஷக்காய்ச்சல் ஏறி வந்தது. எட்டு வீட்டில் ஐந்து சாவு. மூன்றாவது அம்மா. அப்போது எனக்கு முப்பது வயது, சின்னுசாமிக்கு இருபத்தேழு. அப்பன் எப்போதோ போய்விட்டார். வீட்டில் நானும் அவனும்தான்.

நான் அவனை ஊர் வழக்கப்படி பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் முடியாதவர்களை அடுப்போரம் மல்லாக்கப் படுக்கவைப்போம். கட்டில் கிடையாது. சாமி தரையில் இருக்கும்போது மனுசன் அதற்கு மேலே படுக்கலாகாது என்பது பெரியவர்கள் வைத்த கட்டு. முடியாதவர்களுக்கு நீர்க்கஞ்சி. கெட்டியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது என்பதும் பெரியவர்கள் சொன்னதுதான். சின்னுசாமிக்குக் காய்ச்சலே இல்லை. இருந்தாலும் அந்த மாதம் எங்கள் ஊரில் எல்லாரையும் காய்ச்சல்காரர்களாகவே பாவித்தோம். படுக்கவைத்தேன். அடுப்பை மூட்டினேன். புகை கூரையில் முட்டிக் கீழே இறங்கி அவன் மேல் படுத்துக்கொண்டது. கஞ்சியை ஊற்றினேன். அவன் இருமவில்லை, புரையேறவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அம்மாவை நினைத்து அழுகிறான் என்று இன்னும் ஒரு வாய் ஊற்றினேன்.

கஞ்சி போகிற இடம் வயிறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்காம் நாள் அவன் நெஞ்சுக்குள் தவளை கத்தியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவன் மூச்சு இழுக்க இழுக்க, கீழே நெல்வயலில் இருந்த தவளைகளெல்லாம் பதில் கொடுத்தன. ஐந்தாம் நாள் வயல் தவளைகள் இங்கே தங்கள் ஆள் ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று வாசலுக்கே வந்து வரிசையாக உட்கார்ந்தன. ஆறாம் நாள் அவன் நகமெல்லாம் நாவல்பழ நிறமாகியது. அன்றைக்குத்தான் பெரியப்பா கருப்பண்ணன் சங்கோடு வந்தார்.

எங்கள் ஊரில் ஒரே ஒரு சங்குதான். குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னச் சங்கு. உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருப்பவர்களை நிம்மதியாக அனுப்பிவைக்க, உறவெல்லாம் ஆளுக்கு ஒரு சங்கு பால் வாயில் ஊற்ற வேண்டும். அந்தச் சங்கு பெரியப்பா வீட்டில் இருக்கும். அந்த வருஷம் அது காயவே இல்லை.

"அப்பாசாமி, இழுக்குதுடா. பாலை ஊத்தி அனுப்பிடலாம். எதுக்குப் புள்ளைய வதைக்கறே?" என்றார்.

"இன்னிக்கு ஒரு பொழுது பாக்கலாமுங்க, பெரியப்பா."

"என்னத்தைப் பாக்கறது? மூச்சு இருக்கற சத்தமாடா இது? உங்கம்மா அங்கிருந்து கூப்புடறா. வழியை மறிக்காதே."

வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா முதல் சங்கை ஊற்றினார். பெரியம்மா பாவாயி இரண்டாவது. "என்ற கையால ஊத்தறேன் கண்ணு, நல்லபடியாப் போய்ச் சேரு சாமி" என்று அழுதுகொண்டே ஊற்றினாள். நல்ல மனசு. நல்ல மனசோடு ஊற்றிய பால் அவன் மூக்கில் நுரையாக வந்தது.

சின்னுசாமி கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாயில் பாலோடு ஏதோ சொன்னான். உசுரு பிரியற பேச்சு என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"அண்ணோவ், வெல்லம் போடலையான்னு கேளு."

சாகிறவன் இப்படிக் கேட்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. அவனை வாரி முதுகில் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

அந்த நாளில் மலைக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான், சுவரில் இறங்குவது போன்ற பாதை. அவன் தலை என் தோளுக்கு முன்னால் கீழ்நோக்கித் தொங்கியது. நான் ஒவ்வொரு கல்லாகக் குதிக்கக் குதிக்க, அவன் நெஞ்சு என் முதுகில் மோதி மோதி, உள்ளே கட்டிக்கிடந்த சளி ஒவ்வொரு கட்டியாக வெளியே வந்து விழுந்தது. எனக்குப் பின்னால் பெரியப்பா, சங்கைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஓடிவந்தார்.

"டேய், மிச்சப் பாலையும் வாங்கிட்டுப் போடா! பாதியில வுட்டா ஆகாதுடா!"

எங்கள் நாட்டு எல்லைக்கல் வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது. அங்கே நின்று, மூச்சு வாங்கி, நாங்கள் போன திசையைப் பார்த்து மிச்சப் பாலைக் கல்லின் மேல் ஊற்றினார். முறை முறைதானே. பிறகு ஓடையில் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் எவ்வளவு வேகமாக இறங்கினேன் என்றால், நான் அடிவாரத்தில் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. என் நிழல் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு நன்றாக மூச்சு வாங்கியது.

அங்கே எனக்குத் தெரிந்தது யாக்கூப் ராவுத்தரின் மிளகுக் கிட்டங்கி ஒன்றுதான். அவர்தான் எங்கள் மலை மிளகை வாங்குபவர்.

"என்னப்பா அப்பாசாமி, மூட்டைக்குப் பதிலா ஆளைத் தூக்கிட்டு வந்திருக்கே?"

"தம்பிங்க. மூச்சு நிக்குதுங்க. கொஞ்சம் படுக்கவெக்க எடம் வேணுமுங்க."

"படுக்கவெக்க எங்கே எடம்? கூரை வரைக்கும் மூட்டை. இந்த ரெண்டுக்கும் நடுவுல செருகு, பாயைத் தேடறேன்."

செருகினேன். இரண்டு மிளகு மூட்டைகளுக்கு நடுவில் சின்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். மூட்டைகள் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டன. தலை மட்டும் லேசாக முன்னால் சாய்ந்தது. மூன்று நாளாகக் கத்திய தவளை ஒரு கணம் வாயை மூடியது. ஒரு முழு மூச்சு உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு மிளகு நெடி ஏறி அவன் தும்மினான். பதினேழு தும்மல். பதினேழாவது தும்மலில், அவன் ஏழு வயதில் விழுங்கிய புளியங்கொட்டை ஒன்று தெறித்து வந்து விழுந்தது. இரண்டு இலை விட்டிருந்தது. ராவுத்தர் அதைக் கிட்டங்கி வாசலில் நட்டார். இன்றைக்கு அது மரம். வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பாய் வந்தது. ராவுத்தரின் மனைவி தாஹிரா பீவி அதைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டாள்.

"படுக்கப் போடாதீங்க. எங்க அத்தா வாதத்துல வுழுந்து மூணு வருசம் இருந்தாங்க. படுக்கவெச்சுத் தண்ணி குடுத்தா நெஞ்சுல எறங்கிரும். இருமக்கூட மாட்டாங்க. சத்தமில்லாம எறங்கும். ஒக்காரவெச்சுக் கெட்டியாக் குடுக்கணும். எச்சில முழுங்கறதுக்கே தடுமாறுற ஆளுக்குக் கஞ்சித்தண்ணியா ஊத்துவாங்க?"

"வைத்தியர் சொன்னாருங்களாம்மா?"

"வைத்தியர் கஞ்சிதான் குடுக்கச் சொன்னாரு. நான் பக்கத்துல குந்திப் பார்த்தேன். அவரு பார்க்கலே."

அப்போதுதான் எனக்கு அம்மாவின் கொட்டைப்பாக்கு உருண்டை ஞாபகம் வந்தது. தாடையைப் பிடித்த கை, தோளில் சாய்த்த நேரம். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சின்னுசாமி மூட்டைக்கு நடுவிலிருந்து, "கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சுண்ணா" என்றான். அவன் சொன்ன பொய்களிலேயே பெரியது அது.

தை மாதம் வரை அங்கேயே இருந்தோம். நான் மூட்டை தூக்கினேன். ராவுத்தருக்குப் பொழுது போகாதபோது கரித்துண்டை எடுத்து மூட்டையின் மேல் அ, ஆ எழுதிக் காட்டுவார். சின்னுசாமி இடது கையால் திருப்பி எழுதுவான். ஓர் எழுத்துக்கு ஒரு பொழுது ஆகும். அவன் கற்றுக்கொண்டான். எனக்கு வரவில்லை.

மலைக்குத் திரும்பியபோது எல்லைக்கல்லில் பெரியப்பா எங்களை நிறுத்தினார். கோபமில்லை. மிகவும் சங்கடப்பட்டார்.

"தலை முழுகியாச்சுடா. பதினாறும் செஞ்சாச்சு. அவன் பேருல படையலும் போட்டாச்சு. செஞ்சதை எப்படிடா அவுக்கறது?"

"உசுரோட இருக்கானுங்களே பெரியப்பா. பாருங்க, உங்களைப் பார்த்துச் சிரிக்கறான்."

"அதை நான் பாக்கலாமா? உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி செஞ்சா ஊருக்கே குத்தம். இந்த வருசம் அஞ்சு போச்சு. இன்னொரு குத்தம் இந்த ஊரு தாங்காது. அவன் செத்தவனாவே இருக்கட்டும். உனக்கு என்ன வந்துது? மிளகுத் தோட்டத்துல அந்தப் பலா மரத்தடியில குடிசை போட்டுக்க. ஊருக்குள்ள மட்டும் வேண்டாம்."

வாயில் பால் வாங்கியவன் செத்தவன். செத்தவனைத் தொடுகிறவனுக்குத் தீட்டு. தொடாமல் அவனுக்குச் சோறு கொடுக்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்த தீட்டு இருபத்தெட்டு வருஷம் போகவே இல்லை.

பிரம்பில் ஒரு இருக்கை பின்னினேன். முதுகில் கட்டிக்கொண்டால் சின்னுசாமி என் பின்னங்கழுத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஏர் ஓட்டும்போதும், மிளகு பறிக்க மரம் ஏறும்போதும், தேன் எடுக்கும்போதும் முதுகில் அவன். கீழே வைத்தால் சாய்ந்துவிடுவான், சாய்ந்தால் தவளை வந்துவிடும். ஒரு நாள் காட்டில் எதிரே வந்த கரடி எங்களைப் பார்த்துவிட்டது. ஒரு உடம்பு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தலை, மேல்தலை தன்னிடம் ஏதோ கேள்வி கேட்கிறது. கரடி இரண்டு காலில் நின்று யோசித்தது. பிறகு இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. மரியாதை தெரிந்த கரடி. ஊரில் அந்த மரியாதைகூட இல்லை.

கார்த்திகையும் மார்கழியும்தான் எங்களுக்கு எமன். மூடுபனி குடிசைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்பை வெளியே வைத்தேன், புகை வேண்டாம் என்று. பனியை என்ன செய்வது? துடைப்பத்தால் ஒரு மூலைக்குத் தள்ளி, சாக்கில் அடைத்து, வாயைத் தைத்துவிடுவேன். சாக்குகளை ராவுத்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிட்டங்கியைக் குளிரவைத்துக்கொள்வார். அப்படியும் வருஷத்துக்கு இரண்டு தடவை தவளை வரும். அவனைத் தொடையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கும்படி வைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். இரும அவனுக்குச் சக்தி போதாது. அவன் இருமலில் பாதியை என் கைதான் இருமியது.

ஆடியில் ஊரார் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். பெரியம்மா பாவாயி எங்கள் தோட்ட எல்லையில் இலை போட்டு, சோறு வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். படையலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் சின்னுசாமியைக் கொண்டுபோய் உட்காரவைப்பேன். செத்தவனுக்கு வைத்த சோற்றைச் செத்தவனே நேரில் வந்து சாப்பிட்டது எங்கள் நாட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். ஒரு வருஷம் அவன் முகத்தைச் சுளித்தான்.

"உப்புக் கம்மிங்களாம் பெரியம்மா" என்றேன்.

பாவாயி திரும்பாமலே, "செத்தவங்களுக்கு நாக்கு இத்தனை நீளமா?" என்றாள். அடுத்த ஆடிக்கு உப்புச் சரியாக இருந்தது. அந்த வருஷத்தில் ஊரார் எங்களோடு பேசியது அந்த ஒரு பேச்சுத்தான்.

பெருமாயியைப் பற்றிச் சொல்லாமல் விடலாம். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன். அரியூர் நாட்டுப் பெண். அம்மா இருந்தபோது எனக்குப் பேசிவைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் அவள் காத்திருந்தாள். ஒரு நாள் செம்மேட்டுச் சந்தையில் எதிரே வந்தாள். சுற்றிலும் ஜனங்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருந்தார்கள். அவள் ஒதுங்கவில்லை.

"ஏனுங்க, கீழே வெச்சுட்டு வரமாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கீழே வெச்சா மூச்சு நிக்குமுங்க" என்றேன்.

அவள் "சரிங்க" என்று போய்விட்டாள். முதுகில் இருந்த சின்னுசாமி அன்று முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இப்படியே அவனுக்கு ஐம்பத்தைந்து வயதானது. கழுத்து நிற்காமல் பிறந்தவன், விளக்கேற்றும் முன் போய்விடுவான் என்று மருத்துவச்சி சொன்னவன், ஊரில் அவனோடு பிறந்த அத்தனை பேரையும்விட நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது சண்டையும் முடிந்து மறு வருஷம் கார்த்திகை வந்தது. தோட்டத்தில் மூன்று நாள் நனைந்தேன். நான்காம் நாள் காலை குடிசைக்குள் ஒரு இருமல் சத்தம் கேட்டது. நானும் சின்னுசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் இருமுவது அவன் வேலை. இருமியது நான்.

மறுநாள் நெஞ்சுக்குள் அதே தவளை. அவனைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் சாக்கு வைத்துவிட்டு, இரண்டு முழம் தள்ளித் தரையில் மல்லாந்து படுத்தேன்.

"அண்ணோவ், படுக்காதே. எந்திரிச்சு ஒக்காரு."

"கொஞ்ச நேரம்டா. இருவத்தெட்டு வருசமா இந்த முதுகு சாயலே."

"படுத்தாப் போயிருவே."

"நீ சொல்லி எவன்டா நம்புவான்?" என்று சிரித்தேன். சிரிப்பு இருமலாகப் போனது.

அவன் சாக்கிலிருந்து சரிந்து, பின்னிய காலை இழுத்துக்கொண்டு, ஒரு பொழுது முழுக்க ஊர்ந்து அந்த இரண்டு முழத்தைக் கடந்தான். அவன் இடது கை என் பின்னங்கழுத்து வரை எட்டியது. தூக்கி நிமிர்த்த அந்தக் கைக்குத் தெரியாது. மச்சத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கத்தினான். இரண்டு நாள் கத்தினான். ஊருக்குள் கேட்டது. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். செத்தவர் கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்பதும் பெரியவர்கள் வைத்த கட்டுத்தான்.

மூன்றாம் நாள் முற்பகலில் நான் செத்துப்போனேன்.

நான் செத்ததை நானே சொல்வது சிலருக்கு ஒப்பாமல் இருக்கலாம். ஆரம்பத்தில் என்ன சத்தியம் செய்தேன் என்று திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளாக எங்கள் அடுப்பில் புகை இல்லை என்று கடைசியில் பெரியப்பா கருப்பண்ணன்தான் வந்தார். எண்பதைத் தாண்டிய கிழவர். கையில் அதே சங்கு. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சின்னுசாமியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்டா சாமி, கூப்புடறதுக்கென்ன?" என்றார்.

பிறகு குனிந்து என் வாயில் பாலை ஊற்றினார். எனக்குப் புரையேறவில்லை. சின்னுசாமி ஏதோ சொன்னான். பெரியப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். புரியவில்லை என்று தலையை ஆட்டினார். வெல்லம் போடலையா என்றுதான் கேட்டான். அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளான நான் வாயில் பாலோடு படுத்துக் கிடந்தேன்.

யாக்கூப் ராவுத்தருக்குச் சேதி போய், ஆள் அனுப்பிப் பிரம்பு இருக்கையோடு அவனை அடிவாரத்துக்கு இறக்கினார்கள். இப்போது அவன் கிட்டங்கியில்தான் இருக்கிறான், இரண்டு மிளகு மூட்டைகளுக்கு நடுவில். தாஹிரா பீவிக்குக் கண் தெரியவில்லை. ஆனாலும் களி கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் மருமகளிடம் கொடுத்தனுப்புகிறாள். சாப்பிட்ட பிறகு ஒரு படி சாமை குத்தும் நேரம் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. கையில் கரித்துண்டுக்குப் பதில் பென்சில் கொடுத்திருக்கிறார்கள். அவன் பேசும்போது எல்லாரும் அன்பாகத் தலையாட்டுகிறார்கள். கரடி வந்து கும்பிட்டதைச் சொன்னால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

நாளெல்லாம் அவனுக்கு முன்னால் சாக்கின் முதுகுதான். மிளகு மூட்டைக்குப் பின்னங்கழுத்து கிடையாது.

மற்றபடி நான் சொன்னதில் மாற்றமில்லை. முதலில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன்: என் பெயர் அப்பாசாமி இல்லை, சின்னுசாமி.